தரை கிட்டே வரும்போது கை எங்கே போகிறது

போன வாரம் என் மாணவி ஒருத்தி செஸ்னா 172 என்ற சின்னப் பயிற்சி விமானத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது பதினான்காவது மணி நேரம். சக்கரம் தரையைத் தொட்டது, தொட்ட வேகத்திலேயே விமானம் எம்பி மேலே போனது. ஆறேழு அடி இருக்கும். முன் கண்ணாடியிலிருந்து ரன்வே நழுவிப்போய் வெறும் வானம் தெரிந்தது. அவள் கை யோக்கை, அதாவது விமானத்தைச் சாய்க்கவும் மூக்கை ஏற்றி இறக்கவும் உள்ள ஸ்டியரிங்கை, முன்னால் தள்ளப் போனது. அதற்குள் என் வலது கை என் பக்கத்து யோக்கை அசையவிடாமல் பிடித்திருந்தது, இடது கை எஞ்சின் பவரைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்க உள்ளே தள்ளியிருந்தது, வலது கால் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் ரடரை அழுத்தியிருந்தது. “என் கன்ட்ரோல்” என்று நான் சொன்னது இவ்வளவும் நடந்த பிறகுதான்.

ஒரு சுற்று சுற்றி வந்து இறங்கி, எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகு அவள் கேட்டாள்: “நான் தள்ளப் போகிறேன் என்று உங்களுக்கு எப்படி மேடம் முன்னாடியே தெரிந்தது?”

“நானும் தள்ளியிருக்கிறேன்” என்றேன். உண்மைதான், ஆனால் அது பாதிப் பதில். மீதிப் பாதி இத்தனை நாளாக மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவளுக்காகவும், இப்போது எங்கேயோ இதே துள்ளலில் மாட்டிக்கொண்டிருக்கும் மற்ற மாணவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

நல்ல விமானிக்கு உள்ளுணர்வு வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், ஏதோ பிறக்கும்போதே சிலருக்கு வாய்த்துவிடுவது போல. 22 வருடம் பறந்தும், அதில் 13 வருடம் சொல்லிக்கொடுத்தும் நான் நம்புவது வேறு. பிறக்கும்போது நம் உடம்பு கொண்டுவந்த உள்ளுணர்வு நடக்கவும் ஓடவும் விழுந்தால் கை ஊன்றவும் ஆனது. இறங்குகிற விமானத்தில் அது பெரும்பாலும் தப்பான பக்கம்தான் இழுக்கிறது. தரை விரைந்து வந்தால் யோக்கைச் சட்டென்று நெஞ்சுக்கு இழுக்கச் சொல்கிறது. எம்பினால் தள்ளச் சொல்கிறது. காற்று பக்கவாட்டில் தள்ளினால் கார் ஓட்டுவது போல் யோக்கைத் திருப்பச் சொல்கிறது. விமானி கற்றுக்கொள்வது இந்தப் பழைய கையை மறப்பதற்கும், அந்த இடத்தில் வேறொரு கையை வளர்ப்பதற்கும்தான்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பேச்சைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். முதல் நாள் அவர் என்னைப் பறக்கவே விடவில்லை. ரன்வேயின் நடுக்கோட்டில், எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க, விமானத்தை நிறுத்தினார். “பாரும்மா” என்றார். “எதை சார்?” என்று கேட்டேன். “எல்லாத்தையும். மூக்கு எங்கே இருக்கு, வானம் தொடுகிற கோடு எங்கே இருக்கு, ரெண்டு பக்கமும் புல் எவ்வளவு உயரத்தில் தெரியுது. சக்கரம் தரையில் இருக்கும்போது கண்ணுக்குத் தெரிகிற படம் இதுதான். இறங்கும்போது இந்தப் படத்துக்குத்தான் நீ திரும்பி வரணும்.” ஐந்து நிமிடம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். வேறு விமானம் எதுவும் வராத நாள் அது. அந்த ஐந்து நிமிடத்தை இன்றைக்கும் என் ஒவ்வொரு மாணவருக்கும் கொடுக்கிறேன்.

ஏனென்றால் இறங்குவதில் முக்கால் பங்கு வேலை கண்ணுடையது. ஃபைனலில், அதாவது ரன்வேக்கு நேராக வந்துவிட்ட பிறகு, 65 நாட் வேகத்தில் வருகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடிக்கு 33 மீட்டர். அந்த வேகத்தில் உயரமானியைப் பார்த்துவிட்டு நிமிர்வதற்குள் ரன்வேயில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். கண்ணாடியில் ஒரு புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். நாம் போய்ச் சேரப்போகிற இடம் கண்ணாடியில் மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் அப்படியே நிற்கும், பெரிதாக மட்டும் ஆகும். அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் கீழ்நோக்கி வழிந்து போகும், பின்னால் இருப்பதெல்லாம் மேல்நோக்கி விலகும். ஜேம்ஸ் கிப்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமானிகளின் பார்வையை ஆராய்ந்தவர். விமானம் இறங்கும்போது கண்ணில் நடக்கும் இந்த நகர்வை அவரும் அவருடைய சகாக்கள் இருவரும் 1955இல் கணிதமாகவே எழுதிவைத்தார்கள். அதைப் படிக்காத விமானியின் கண்ணும் அந்தக் கணக்கைப் போட்டுவிடுகிறது. கொஞ்ச நாள் போனால் போதும்.

இரண்டு கண் இருப்பதால்தான் உயரம் தெரிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வைலி போஸ்ட் என்பவரைப் பற்றிப் படித்தபோது அந்த எண்ணம் போனது. 1926இல் எண்ணெய்க் கிணற்று வேலையில் அவருக்கு இடது கண் போய்விட்டது. விபத்துக்குக் கிடைத்த இழப்பீட்டுப் பணத்தில் அவர் வாங்கியது ஒரு விமானம். 1933இல் தனியாக உலகைச் சுற்றி வந்த முதல் விமானி அவர்தான்: 7 நாள் 18 மணி 49 நிமிடம். வழியெல்லாம் இறங்கி ஏறித்தான் அந்தச் சுற்று முடிந்தது, அத்தனை இறக்கமும் ஒற்றைக் கண்ணில். அதற்கு ஆறு வருடம் முன்னால், 1927 மே 21 இரவு, சார்லஸ் லிண்ட்பெர்க் முப்பத்து மூன்றரை மணி நேரம் தூங்காமல் அட்லாண்டிக்கைத் தாண்டி பாரிஸில் இறங்கினார். அவர் விமானத்தில் முன் கண்ணாடியே கிடையாது. அந்த இடத்தில் பெட்ரோல் தொட்டி இருந்தது. பக்கத்து ஜன்னலும் ஒரு சின்னப் பெரிஸ்கோப்பும்தான் துணை. இந்த இரண்டு பேரையும் நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும், கூடவே ஒரு தைரியமும் வரும். உயரம் கண்ணின் ஓரத்தில் ஓடுகிற தரையில்தான் இருக்கிறது. ஃபிளேர் செய்யும்போது, அதாவது பத்துப் பதினைந்து அடியில் மூக்கை மெதுவாக உயர்த்தி இறக்கத்தை நிறுத்தும்போது, பார்வையை ரன்வேயின் மறுகோடிக்கு அனுப்பிவிட வேண்டும். பக்கத்துப் புல் தானாகவே உயரத்தைச் சொல்லிவிடும். புதிதாக வருபவர்கள் மூக்குக்கு நேர் கீழே பார்க்கிறார்கள். அங்கே எல்லாம் கோடு கோடாகக் கலங்கித்தான் தெரியும், அதைப் பார்த்துத்தான் பயந்து இழுக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கண்ணையும் ஏமாற்ற முடியும். நான் கற்றுக்கொண்ட ரன்வே 45 மீட்டர் அகலம். லைசென்ஸ் வாங்கிய மூன்றாவது மாதம் 18 மீட்டர் அகலமே உள்ள ஒரு ரன்வேக்குத் தனியாகப் போனேன். ஒடுங்கிய ரன்வே தூரத்தில் இருப்பதாகத் தெரியும், அதனால் நாம் இன்னும் உயரத்தில் இருக்கிறோம் என்று கண் நம்பும். எனக்கு இது தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். இருந்தும் தாழ்வாக வந்தேன், வேலிக்கம்பிகள் சக்கரத்துக்குக் கீழே வெகு அருகில் போயின, ஃபிளேரை ஆரம்பிப்பதற்குள் தரை வந்துவிட்டது. பலமான அடி. எதுவும் உடையவில்லை. விமானத்தை ஓரம் கட்டிவிட்டு, சக்கரம், இறக்கைத் தாங்கி, எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிற தடுப்புத் தகடு எல்லாவற்றையும் டார்ச் அடித்து இரண்டு முறை பார்த்தேன். படித்தது கைக்கு இறங்கியது அன்றைக்குத்தான்.

அந்தக் கதையைத் திரும்பி வந்து என் ஆசிரியரிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. விமானக் கொட்டகையான ஹேங்கரில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒரு பெரியவர் கேட்டார்: “இறங்கி நடந்து வந்தியா?” ஆமாம் என்றேன். “அப்போ நல்ல லேண்டிங். அந்த விமானத்திலேயே திரும்பிப் பறந்து வந்தியா?” ஆமாம். “அப்போ பிரமாதமான லேண்டிங்.” எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

இது உலகம் முழுக்க விமானிகள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த ஜோக். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், இது சொல்லப்படுகிற நேரம். அன்று என் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் யாராவது பாடம் நடத்தியிருந்தால் ஒரு வார்த்தைகூட காதில் ஏறியிருக்காது. சிரித்து முடித்த பிறகு மூச்சு சீரானது. அதே பெரியவர் ஒரு காகிதத்தை எடுத்து அகல ரன்வே ஒன்றும் ஒடுங்கிய ரன்வே ஒன்றும் வரைந்து, கண் எங்கே ஏமாறுகிறது என்று காட்டினார். ஜோக்கும் காகிதமும் ஒன்றாகத்தான் வந்தன. ரைட் சகோதரர்களுக்குக்கூட இது பொருந்தும். 1903 டிசம்பர் 17 அன்று அவர்களுடைய நான்காவது பறப்பு 59 நொடி, 852 அடி நீடித்தது. தரையில் இறங்கும்போது, மூக்கை ஏற்றி இறக்கும் முன்பக்கத்து எலிவேட்டரின் சட்டம் உடைந்தது. வில்பர் எழுந்து நடந்து வந்தார். அந்தப் பெரியவர் கணக்கில் அது நல்ல லேண்டிங்தான்.

ஹேங்கர் ஜோக்குகளை நான் ரொம்ப மதிக்கிறேன். எழுதிவைக்காமல், கைமாறிக் கைமாறி வந்த பாடங்கள் அவை. “உபயோகமில்லாத பொருள் மூன்று: தலைக்கு மேலே இருக்கிற உயரம், முதுகுக்குப் பின்னால் போன ரன்வே, பங்கிலேயே விட்டுவிட்டு வந்த பெட்ரோல்” என்று ஒன்று உண்டு. இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 65 நாட் வேகத்தில் வர வேண்டியவர் பயத்தில் கொஞ்சம் கூட்டி 72 நாட் வேகத்தில் வருகிறார். வேகம் சுமார் பதினோரு சதவீதம்தான் கூடியது. ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி ஏறுவது, அதனால் சுமார் 23 சதவீதம் கூடுகிறது. அதைக் கரைத்தாக வேண்டும். தரைக்கு மிக அருகில் வந்ததும் இறக்கைக்கும் தரைக்கும் நடுவே காற்றின் சுழல் அமுங்கி, இழுவை குறைந்துவிடும், விமானம் இறங்க மனசில்லாமல் மிதந்துகொண்டே போகும். மிதக்க மிதக்க, நல்ல ரன்வே எல்லாம் பின்னால் போய்க்கொண்டிருக்கும். அந்த ஜோக்கைக் கேட்டிருக்கிற மாணவருக்கு நான் இவ்வளவு விளக்கவே வேண்டாம். “பின்னால் எவ்வளவு போச்சு?” என்று கேட்டால் போதும், கை த்ராட்டிலுக்குப் போய்விடும்.

இன்னொன்று: “மிருதுவாக இறங்குவதற்கு மூன்று விதிகள் இருக்கின்றன. அவை என்ன என்பதுதான் யாருக்கும் தெரியாது.” இதைக் கேட்டு மாணவர்கள் சிரிக்கும்போது நான் அவர்கள் தோளைப் பார்ப்பேன். இறங்கும். இறுகிய தோளோடு ஃபிளேர் செய்ய முடியாது. விரல் நுனியால் யோக்கைப் பிடிக்க வேண்டும், முஷ்டியால் பிடித்தால் விமானம் சொல்வது கைக்குக் கேட்காது.

ஆமாம், விமானம் சொல்லும். என் ஆசிரியர் ஒரு நாள் வேகமானியின் மேல் ஓர் அட்டையை ஒட்டிவிட்டார். “இப்போ இறக்கு” என்றார். முதல் சுற்றில் தவித்துப்போனேன். மூன்றாவது சுற்றில் ஒன்று கவனித்தேன்: வேகம் குறையும்போது கண்ணாடி ஓரத்தில் காற்றின் சத்தம் தணிகிறது. யோக் தளர்ந்துபோகிறது, அதே வேலைக்கு இன்னும் அதிகமாக அசைக்க வேண்டியிருக்கிறது. மூக்கு வானத்தில் நிற்கிற இடம் மாறுகிறது. கடைசியாக அந்த ஊதல். 172இல் இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சின்னத் துளை இருக்கிறது. இறக்கை விமானத்தைத் தாங்கும் சக்தியை இழக்கிற ஸ்டால் நிலையை நெருங்கும்போது அந்த இடத்தில் அழுத்தம் குறைந்து காற்று உறிஞ்சப்படும், உள்ளே மவுத் ஆர்கனில் இருப்பது போன்ற ஒரு நாக்கு அதிரும். மின்சாரம் எதுவும் தேவையில்லை. ஸ்டாலுக்கு ஐந்து முதல் பத்து நாட் முன்னாலேயே முனக ஆரம்பிக்கும். ஃபைனலில் உயரத்தில் கேட்டால் அது எச்சரிக்கை. தரைக்கு ஓர் அடி மேலே கேட்டால் எனக்கு அதைவிட இனிமையான சத்தம் கிடையாது. சக்கரம் தொடப்போகிற அந்த நொடியில், “இனி பறக்க மாட்டேன்” என்று விமானமே சொல்கிறது.

அந்த ஊதலை வரவழைக்க அவர் எனக்குக் கொடுத்தது ஒரு விளையாட்டு: “இறங்காதே. ரன்வே மேல் ஓர் அடி உயரத்தில் வா, த்ராட்டிலை மூடு, அப்புறம் எவ்வளவு நேரம் இறங்காமல் இருக்க முடியுமோ இரு. விமானம் கீழே போகப் பார்க்கும், நீ விடாதே.” நான் மும்முரமாக விடாமல் இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன், இன்னும் இழுத்தேன், ஊதல் கேட்டது, பின்சக்கரம் இரண்டும் தொட்டது எனக்குத் தெரியவே இல்லை. “தோத்துட்டியே” என்று சிரித்தார். என் வாழ்க்கையின் முதல் சரியான லேண்டிங் அது. இறங்க முயன்றால் கை தள்ளும், இறங்காமல் இருக்க முயன்றால் கை இழுக்கும். பழைய உள்ளுணர்வோடு சண்டை போடாமல் அதற்கு வேறு வேலை கொடுத்துவிட்டார் மனிதர்.

இப்போது துள்ளலுக்கு வருகிறேன். விமானம் எம்பியதும் மூக்கு வானத்தைப் பார்க்கிறது, வேகம் குறைகிறது. உடம்பு “தள்ளு” என்கிறது. தள்ளினால் மூக்குச் சக்கரம் முதலில் மோதும், மறுபடி எம்பும், இந்த முறை இன்னும் உயரமாக. நம் கை ஒவ்வொரு முறையும் அரை நொடி தாமதமாகவே வரும், அதனால் ஒவ்வொரு திருத்தமும் அடுத்த துள்ளலை வளர்க்கும். இரண்டு மூன்று துள்ளலுக்குள் மூக்குச் சக்கரம் மடங்கும், புரொப்பெல்லர் தரையில் அடிக்கும். செய்ய வேண்டியது எளிது: சின்னத் துள்ளலாக இருந்தால் மூக்கை அந்த இடத்திலேயே பிடித்து, தேவைப்பட்டால் கொஞ்சம் பவர் கொடுத்து, மறுபடி மெதுவாக இறங்க விடுவது. பெரிய துள்ளலாக இருந்தால் யோசிக்காமல் முழு பவர், மேலே ஏறிப் போய்விடுவது, அதாவது கோ-அரவுண்ட். துள்ளி இறங்கி வந்தவரிடம் ஹேங்கரில் கேட்பார்கள்: “லாக்புக்கில் எத்தனை லேண்டிங் எழுதட்டும்? மூணா, நாலா?” என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். இரண்டு என்று சொன்னேன், பக்கத்தில் இருந்தவர் விரலைவிட்டு எண்ணி நான்கு என்றார். நான் உணராத இரண்டை அவர் வெளியிலிருந்து பார்த்திருக்கிறார். அடுத்த முறை நான்கையும் எண்ணுகிற அளவுக்குக் கவனமாக இருந்தேன்.

பக்கக்காற்று என்றால் கால்களின் வேலை. மூக்கைக் காற்றின் பக்கம் கொஞ்சம் திருப்பி நண்டு மாதிரி சாய்ந்து வந்து, கடைசியில் ரடரால் மூக்கை நேராக்கி, காற்று வருகிற பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, அந்தப் பக்கத்து ஒற்றைச் சக்கரத்தில் முதலில் தொட வேண்டும். ஒற்றைச் சக்கரத்தில் நிற்கச் சொன்னால் எந்த உடம்பும் உடனே ஒத்துக்கொள்ளாது. காற்று பலமாக இருக்கிற நாளில் அனுபவமுள்ள ஆசிரியரோடு மணிக்கணக்காகச் சுற்றுவதைத் தவிர இதற்கு வேறு வழி எனக்குத் தெரியாது.

இதில் கற்ற கை எங்கெல்லாம் உதவும் என்பதற்கு ஒரு கதை. 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767, பவுண்டுக்கும் கிலோவுக்கும் இடையே நடந்த குழப்பத்தால் 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து நின்றது. இரண்டு எஞ்சினும் அணைந்தன. கேப்டன் பாப் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். கிம்லி என்ற இடத்தில் இருந்த பழைய விமானப்படைத் தளத்துக்கு வந்தபோது அவர்கள் அதிக உயரத்தில் இருந்தார்கள். சுற்றி வர எஞ்சின் இல்லை. அவர் கிளைடரிலும் சின்ன விமானத்திலும் செய்வது போல ஸ்லிப் செய்தார்: ரடரை ஒரு பக்கம், இறக்கைச் சாய்வை எதிர்ப்பக்கம். அவ்வளவு பெரிய விமானம் பக்கவாட்டில் காற்றைத் தள்ளிக்கொண்டு, வேகம் கூடாமல் உயரத்தை இழந்தது. அந்த ரன்வேயின் ஒரு பகுதியில் அன்று கார் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. மூக்குச் சக்கரம் மடங்கி உராய்ந்து விமானம் நின்றது. அதில் இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். ஸ்லிப் எதற்கு என்று கேட்கிற மாணவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்கிறேன்.

ஜோக்கே இல்லாத இடமும் ஒன்று உண்டு. ஃபைனலுக்குத் திரும்புகிற கடைசித் திருப்பம். பின்காற்றால் கோட்டைத் தாண்டிப் போய்விட்டோம் என்று வையுங்கள். தரை கிட்டே இருப்பதால் அதிகம் சாய்க்கப் பயம். உடனே கால் உள்பக்க ரடரை அழுத்தி மூக்கை மட்டும் இழுத்துத் திருப்பப் பார்க்கும். சாய்வு தானாகக் கூடும், கை அதை எதிர்ப்பக்கம் திருத்தும். மூக்கு கீழே விழும், கை யோக்கை இழுக்கும். உள்பக்க இறக்கை முதலில் ஸ்டால் ஆகி விமானம் சுழல ஆரம்பிக்கும். சில நூறு அடியில் அதிலிருந்து மீள இடம் கிடையாது. ஒவ்வொரு அசைவும் உடம்புக்குச் சரியாகவே படும் என்பதுதான் இதில் கொடுமை. உயரம் மாறாமல் 30 டிகிரி சாய்ந்து திரும்பும்போது ஸ்டால் வேகம் 7 சதவீதம்தான் கூடுகிறது, 45 டிகிரியில் 19, 60 டிகிரியில் 41. அதனால் இந்த இடத்தில் எனக்கு ஒரே சட்டம்: 30க்கு மேல் சாய்வு கேட்டால் போய்விடு, சுற்றி வா. இந்தத் திருப்பத்தைப் பற்றி எந்த ஹேங்கரிலும் நான் ஒரு ஜோக்கும் கேட்டதில்லை. எல்லோருக்கும் யாரோ ஒருவரைத் தெரியும்.

சரி, அவள் கேட்ட கேள்விக்கு மீதிப் பாதி. சில வருடம் முன்னால், சூரியன் சாய்கிற நேரம், நான் தனியாக ஃபைனலில் வந்தேன். நாலு ஆள் உயரம் இருக்கும், த்ராட்டிலை மூடிவிட்டேன். இடப்பக்கப் புல்லிலிருந்து ஒரு நாய் ரன்வேக்குள் ஓடியது. அதை நாய் என்று நான் புரிந்துகொண்டது பிறகு. என் கை த்ராட்டிலைத் தள்ளியிருந்தது, வலது கால் ரடரில் இருந்தது, மூக்கு எகிறாமல் இன்னொரு கை அழுத்திப் பிடித்திருந்தது, இறங்குவதற்காக இறக்கையின் பின்விளிம்பில் தாழ்த்தியிருந்த ஃபிளாப்பை ஒரு படி ஏற்றியிருந்தேன். நாய் பாதி ரன்வேயில் நின்று என்னைப் பார்த்தது. மேலே ஏறி டவுன்விண்டில், அதாவது ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கிற பகுதியில், திரும்பிய பிறகுதான் நெஞ்சு படபடத்தது. ஆயிரக்கணக்கான முறை வேண்டுமென்றே செய்து பழகியது, வேண்டாமலே நடந்தது. அன்றைக்கு அவள் யோக்கில் கை வைத்திருந்ததும் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அவள் விரல்கள் இறுகி வெளுப்பதைப் பார்த்தேனா, மூக்கின் எழும்பலைப் பார்த்தேனா, பிரித்துச் சொல்ல முடியவில்லை. பார்த்ததும் செய்ததும் ஒன்றாகவே இருந்தன.

நேற்று மறுபடி அவளோடு பறந்தேன். பக்கக்காற்று எட்டு நாட். நாலாவது சுற்றில் கொஞ்சம் உயரத்திலேயே ஃபிளேர் செய்துவிட்டாள், விமானம் தொங்கிப்போய் ‘தடால்’ என்று இறங்கி எம்பியது. என் கைகள் மடியிலேயே இருந்தன, அதற்கு எனக்குக் கொஞ்சம் பிரயத்தனம் வேண்டியிருந்தது. அவள் கை யோக்கில் அசையவில்லை. வலது கை த்ராட்டிலை முழுக்கத் தள்ளியது, கால் போனது, ஃபிளாப் ஒரு படி ஏறியது. “கோயிங் அரவுண்ட்” என்று ரேடியோவில் சொன்னாள், குரல் சரியாக இருந்தது.

டவுன்விண்டில் திரும்பியதும் சிரிக்க ஆரம்பித்தாள். “மேடம், இதை எத்தனை என்று எழுதப் போகிறீர்கள்?”

“வேகத்தைப் பார். ஃபைனலில் 65” என்றேன்.

இறங்கிய பிறகு அவள் லாக்புக்கை வாங்கி, லேண்டிங் எண்ணிக்கைக்கு எதிரே எட்டு என்று எழுதினேன். குறிப்புக்கான இடத்தில், “துள்ளல். மாணவி தானே கோ-அரவுண்ட் செய்தாள்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.